மூளையுறைப் பூஞ்சை நோயும் கேள்விப்புலன் இழப்பும்

மனிதனின் கேள்விப்புலன் குன்றுவதற்குக் காரணங்கள் பல. காதுக்குரும்பி அடைத்தல், நடுக்காதில் சீழ் பிடித்தல், முதுமை, இடைவிடாத இரைச்சல், சில ஊசி மருந்துகள் ஆகியவற்றைக் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் நன்கு அறிவர். இவற்றோடு சேர்த்து எண்ணப்படாத காரணம் ஒன்று உண்டு. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளில் நுண்ணிய பூஞ்சைக் காளான் ஒன்று குடியேறுவதால் செவி நரம்பு கெட்டு, காதில் எந்தப் பழுதும் இல்லாதபோதே கேள்வி மங்கிப்போவதுண்டு. கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சி என்பது அந்நோயின் பெயர். அதில் செவி மந்தமாவது, மண்டையோட்டினுள் நடப்பதை வெளியே அறிவிக்கும் செய்தியாகும். அச்செய்தியைக் காலத்தில் கண்டுகொண்டால் கேள்வியையும், பல சமயங்களில் உயிரையும் காக்க இயலும்.

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். இப்பகுதிகளுக்கு அண்மையில் உள்ள பெரிய பொது மருத்துவமனை, மக்கள் வழக்கில் சயான் ஆஸ்பத்திரி எனப்படும் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை ஆகும். 1964-ஆம் ஆண்டில் அதனோடு இணைந்து தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையினர், எச்.ஐ.வி. தொற்றுடையோரிடம் காணப்பட்ட இந்நோயைப் பற்றி 2009-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். எனவே இது அயல்நாட்டுப் பாடநூல்களில் மட்டும் காணப்படும் நோய் என்று எவரும் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

நோய் விளைக்கும் பூஞ்சை

கிரேக்க மொழியில் 'கிரிப்டோஸ்' என்பது மறைந்திருப்பதையும் 'கோக்கஸ்' என்பது மணியையும் குறிக்கும். ஆகவே இதனை 'மறைமணி' என்று தமிழாக்கினும் தவறில்லை. ஆயினும் நோயாளியின் சீட்டில் மருத்துவர் எழுதும் பெயர் எதுவோ, அதனையே பணியாளர் அறிந்திருத்தல் நலம். ஆதலால் கிரிப்டோகாக்கஸ் என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

இது ரொட்டி புளிக்கவைக்கும் ஈஸ்ட்டைப் போன்ற ஓரணு உயிர். 1894-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் புஸ்ஸே, புஷ்கே என்னும் மருத்துவர் இருவர் ஒரு பெண்ணின் எலும்புப் புண்ணிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் இத்தாலியில் சான்ஃபெலிச்சே என்பவர் பீச் பழச்சாற்றில் இதனைக் கண்டார். இது மண்ணில் வாழ்வதை 1951-லும், புறாக்களின் கூடுகளிலும் எச்சத்திலும் செழித்து வளர்வதை 1955-லும் அமெரிக்காவின் எம்மன்ஸ் நிறுவினார். இதற்கு நெருங்கிய உறவான காட்டியை என்னும் இனம் 1990-ல் ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரங்களிலிருந்து எடுக்கப்பட்டது. 1997-ல் நம் நாட்டு யூகலிப்டஸ் மரங்களிலும் அவ்வினம் இருப்பது அறியப்பட்டது. தில்லியிலுள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் ஆய்வகத்தார், நாவல் போன்ற நம் ஊர் மரங்களின் பொந்துகளில் மட்கிய மரத்தூளிலிருந்தும் இப்பூஞ்சையைப் பிரித்தெடுத்துள்ளனர்.

புறா என்றவுடன் மும்பை வாசகர்க்கு தாதர் கபூதர்கானா நினைவுக்கு வரும். மாட்டுங்காவுக்கு அடுத்த பகுதியாகிய தாதரில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் அவ்விடத்தை, நகரின் பிற கபூதர்கானாக்களோடு சேர்த்து மூடுவது பற்றி 2025-ஆம் ஆண்டில் பெரிய வழக்கும் கிளர்ச்சியும் எழுந்தன. அப்போது இந்நோயின் பெயரும் பலர் வாயில் அடிபட்டது. இதனை அளவறிந்து சொல்லுதல் வேண்டும். புறா எச்சம் பழையதாகி, நிழலில் உலர்ந்து, பொடியாகிப் பறக்கும்போது அதிலுள்ள பூஞ்சை மூச்சோடு உட்செல்லும் என்பது உண்மை. எச்சத்திலுள்ள கிரியேட்டினின் என்னும் பொருள் இதற்கு உணவாகிறது. புறாவின் உடற்சூடு நம்முடையதைவிட மிகுதியாதலால் அப்பறவை நோயுறுவதில்லை. ஆனால் இப்பூஞ்சையை முகராமல் நகரத்தில் வாழ்ந்தவர் எவருமிலர் எனலாம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து 2001-ல் வெளியான முடிவின்படி, இரண்டு வயதைக் கடந்தவர்களுள் பெரும்பாலோர் குருதியில் இதனை எதிர்க்கும் பொருள்கள் காணப்பட்டன. அவர்களுக்கு மூளை நோய் வரவில்லை. சாலையில் புறாவைக் கடந்து செல்பவர் அஞ்சவேண்டியதில்லை. நோயெதிர்ப்பு ஆற்றல் மிகவும் குன்றியவர் மட்டும் எச்சம் குவிந்த பரணையும் சன்னலோரத்தையும் தாமே துடைக்காமல் விலகியிருப்பது நன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றுவதில்லை. நோயாளியின் தட்டையும் பாயையும் பிரித்துவைக்கும் வழக்கம் எங்கேனும் காணப்பட்டால், பணியாளர் அதனை அன்றே களைய வேண்டும்.

மூச்சோடு நுழைந்த பூஞ்சை நுரையீரலில் அடங்கிக் கிடக்கும். எச்.ஐ.வி. தொற்றினால் சி.டி.4 எனப்படும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 100-க்கும் கீழே இறங்கும்போது அது விழித்தெழுந்து, குருதி வழியே மூளையுறைகளை அடைகிறது. சிறுநீரக மாற்றம் பெற்றவர், நெடுங்காலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர் ஆகியோரும் இதற்கு ஆளாகலாம். வேறு குறையேதும் இல்லாதவரிடமும் சிற்சில வேளைகளில் இது தோன்றுவதுண்டு. உலக அளவில் 2020-ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. தொற்றுடையோருள் சுமார் 1,52,000 பேருக்கு இம்மூளையுறை அழற்சி நேர்ந்ததாகவும், அவர்களுள் சுமார் 1,12,000 பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. நோயுற்ற நால்வரில் ஏறத்தாழ மூவர் மாண்டனர் என்பது இதன் பொருள்.

கேள்வி எவ்வாறு கெடுகிறது

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து சுமார் 150 மில்லிலிட்டர் தெளிந்த நீர் உள்ளது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாக ஊறி, அதே அளவு உறைகளிலுள்ள நுண்வாயில்கள் வழியே குருதியில் கலந்துவிடுகிறது. குளத்துக்கு வரத்தும் போக்கும் ஒத்திருப்பது போன்ற ஏற்பாடு இது. இப்பூஞ்சையின் அணு ஒவ்வொன்றும் சர்க்கரைத் தொடர்களாலான தடித்த கூழ் உறை ஒன்றைப் போர்த்தியிருக்கும். அந்த அணுக்களும் அவை உதிர்க்கும் கூழும் நுண்வாயில்களை அடைத்துக்கொள்கின்றன. மதகு அடைபட்டது, ஊற்று நிற்கவில்லை. ஆதலால் அழுத்தம் ஏறுகிறது. படுத்த நிலையில் அளக்கும்போது 20 சென்டிமீட்டர் நீருயரத்துக்குள் இருக்கவேண்டிய அழுத்தம், இந்நோயாளிகளுள் பாதிப்பேருக்கு மேற்பட்டோரிடம் 25-ஐத் தாண்டுகிறது. சிலரிடம் 50-ஐயும் எட்டுகிறது.

செவி நரம்பு மூளையடியிலிருந்து புறப்பட்டு, பொட்டெலும்பினுள் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குழாய் வழியே சென்று நத்தை வடிவமான உட்செவியை அடைகிறது. மூளையுறையும் மூளைநீரும் அக்குழாய்க்குள்ளும் தொடர்ந்து செல்கின்றன. எனவே மூளைநீரில் வளரும் பூஞ்சைக்கு நரம்பை அணுகத் தடை ஏதுமில்லை. இறந்தோரின் பொட்டெலும்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தோர், அக்குழாயிலும் நரம்பின் இழைகளினூடேயும் பூஞ்சை அணுக்கள் செறிந்திருப்பதையும், நத்தையின் நடுவே இருக்கும் நரம்பு முடிச்சின் உயிரணுக்கள் அழிந்திருப்பதையும் கண்டனர். பாக்டீரியங்களால் வரும் மூளையுறை அழற்சியில் பெரும்பாலும் உட்செவியே சிதைந்து, பின்னர் எலும்பாக இறுகிவிடுவதும் உண்டு. பூஞ்சை நோயிலோ கருவி நன்றாக இருக்க, கம்பி அறுபடுகிறது. அழுத்தத்தினால் மட்டும் நசுங்கிய நரம்பு, அழுத்தம் நீங்கினால் ஓரளவு மீளக்கூடும். பூஞ்சையால் அரிக்கப்பட்ட நரம்பு மீள்வது அரிது. காலம் தாழ்த்தக்கூடாது என்பதற்குக் காரணம் இவ்வேறுபாடே.

கம்பி பழுதானால் ஒலி கேட்கும், சொல் விளங்காது. நோயாளி கதவு தட்டும் ஓசைக்குத் திரும்புவார். கேட்ட கேள்விக்கு வேறு விடை கூறுவார். இங்குதான் பெரும் பிழை நேர்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் தொழில் செய்த குடும்பத்து முதியவர் ஒருவர், மருத்துவமனைப் படுக்கையில் மராத்தியிலோ இந்தியிலோ கேட்கப்படும் கேள்விக்கு விழித்துக்கொண்டிருந்தால், 'மொழி தெரியவில்லை' என்று செவிலியர் நினைப்பார். அவர் மகன் தமிழில் கேட்டும் பொருந்தாத விடை வந்தால், 'காய்ச்சலில் அறிவு தடுமாறுகிறது' என்று மகன் நினைப்பான். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேள்வி கெட்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே அவ்வாறு முடிவு செய்ய வேண்டும். நோயாளி வாயசைவைக் காணாவண்ணம் பக்கவாட்டில் நின்று, ஒரு காதைப் பொத்தச் செய்து, மறுகாதின் அருகே அவருக்குத் தெரிந்த மொழியில் இரண்டு எண்களைத் தாழ்ந்த குரலில் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால் ஒரு நிமிடத்தில் ஐயம் தெளியும். எழுதிக் காட்டியதற்குச் சரியான விடை வருமாயின் அறிவு தெளிவாயிருக்கிறது, செவியே பழுது என்று அறியலாம்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இசைக்கவை வைத்திருக்கும் ஆசிரியர்கள் இன்னொன்றும் அறிவர். 512 அதிர்வுள்ள கவையைத் தட்டிக் காதின் பின்புற எலும்பில் வைத்தால் கேட்கும் ஒலியைவிட, காதின் எதிரே காற்றில் பிடித்தால் கேட்கும் ஒலி மிகுதியாயிருப்பது இயல்பு. குரும்பியோ சீழோ அடைத்திருந்தால் இது தலைகீழாகும். நரம்பு பழுதான காதில் இரண்டும் குறையும். ஆயினும் காற்றின் வழியே கேட்பதே மிகுந்திருக்கும். மழைக்காலத்தில் மும்பையில் மிகுதியாகக் காணப்படும் காதுப் பூஞ்சையை இந்நோயோடு குழப்பிக்கொள்ளலாகாது. புறச்செவிக் குழாயில் கறுப்பு அல்லது வெள்ளைப் படலமாகப் படிந்து, அரிப்பும் அடைப்பும் விளைக்கும் அப்பூஞ்சை வேறு இனம்; காது மருத்துவர் துடைத்து மருந்திட்டால் தீரும். 2021-ஆம் ஆண்டில் கோவிட் நோய்க்குப் பின் பரவிக் 'கறுப்புப் பூஞ்சை' எனப் பெயர்பெற்ற மியூகர் நோயும் வேறு. அது மூக்கின் வழியே கண்ணையும் மூளையையும் தாக்குவது.

காசநோயோடு நேரும் மயக்கம்

தாராவியில் பணிபுரிவோர் ஒவ்வொரு நாளும் காசநோயாளிகளைக் காண்கின்றனர். அதனாலேயே இரண்டு மயக்கங்கள் எழுகின்றன. ஸ்ட்ரெப்டோமைசின், கானாமைசின், அமிக்காசின் ஆகிய ஊசிகள் உட்செவியின் மயிரணுக்களை அழித்துப் பலரைச் செவிடாக்கியுள்ளன. வாய்வழி மருந்துகளே போதும் என்னும் நிலை பின்னர் ஏற்பட்டு அவ்வூசிகளின் பயன் மிகவும் குறைந்துவிட்டது. எனினும் 'காசநோய்க்காரருக்குக் காது போவது இயல்பு' என்னும் எண்ணம் குடும்பங்களில் நிலைத்துவிட்டது. ஊசியினால் வரும் இழப்பு, கீச்சொலிகளில் தொடங்கி வாரக்கணக்கில் இரு காதிலும் ஒருசேர ஏறும். அதனோடு தலைவலி வருவதில்லை. இரண்டு மூன்று வாரங்களாக விடாத தலைவலி, வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிதல் அல்லது மங்குதல் ஆகியவற்றோடு செவி மந்தம் சேருமாயின், ஊசியின்மேல் பழியைப் போட்டுவிட்டு இருத்தல் கூடாது. காய்ச்சல் மெலிதாகவே இருக்கலாம். கழுத்து விறைப்பு இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது மயக்கம் இதனினும் கொடியது. காசநோய் மூளையுறை அழற்சியும் இதுபோலவே மெல்லத் தொடங்கும். அந்நோயில் ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கிறது. அதே மருந்து கிரிப்டோகாக்கஸ் நோயில் தீங்கு செய்கிறது என்பது ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஆறில் நடைபெற்று 2016-ல் வெளியான ஆய்வில் ஐயமற விளங்கியது. ஆகவே முதுகிலிருந்து நீரெடுத்துச் சோதியாமல் ஊகத்தின்பேரில் மருந்து தொடங்குவது ஆபத்தானது. 'முதுகில் ஊசி குத்தினால் கால் விழுந்துவிடும்' என்று அஞ்சிக் கையொப்பமிட மறுக்கும் குடும்பங்கள் பல. ஊசி நுழையும் இடுப்புப் பகுதியில் தண்டுவடம் இல்லை. அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது, கீழே நீரில் மிதக்கும் நரம்பிழைகளே உள்ளன என்பதைப் பொறுமையாக எடுத்துரைப்பது பணியாளரின் கடமைகளுள் முதன்மையானது என்பேன். இந்நோயில் அந்த ஊசி சோதனை மட்டுமன்று, சிகிச்சையுமாகும். அழுத்தம் மிகுந்தவரிடம் நாள்தோறும் நீரை வடித்து 20 சென்டிமீட்டருக்குள் கொண்டுவருவதே செவியையும் கண்ணையும் காக்கும் வழி.

மையில் தெரியும் வெண்வட்டம்

எடுத்த நீரில் ஒரு துளியோடு கரிமையைக் கலந்து நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய முறை. மையின் கரித்துகள்கள் பூஞ்சையின் கூழ் உறைக்குள் புக இயலாமையால், கறுத்த பின்னணியில் ஒவ்வோர் அணுவும் ஒளி வட்டம் சூழ்ந்த மணியாகத் தோன்றும். வகுப்பறையில் இதனை எவ்வித ஆபத்துமின்றிக் காட்டலாம். மாட்டுங்கா கடைகளில் ஃபலூடாவில் இடும் சப்ஜா விதையை நீரில் ஊறவைத்தால் சுற்றிலும் வழுவழுப்பான கூழ் படரும். அதனை வெள்ளைத் தட்டில் இட்டு, ஓவியர் பயன்படுத்தும் கரிமையை நீர்த்து மெல்ல ஊற்றினால், கரிய நீரில் விதைகள் வெண்வட்டத்தோடு நிற்பதை மாணவர் காண்பர். பேனா மை உதவாது. அது கரைந்த சாயமாதலால் கூழினுள் ஊறிவிடும்.

மைச் சோதனை நோயுள்ள ஐவருள் ஒருவரையேனும் தவறவிட்டுவிடும். கூழ் உறையின் சர்க்கரைப் பொருளைக் கண்டறியும் பட்டைச் சோதனை 2011 முதல் பயனுக்கு வந்துள்ளது. ஒரு துளி மூளைநீரோ குருதியோ போதும். பத்து நிமிடத்தில் கோடு தெரியும். தலைவலி தோன்றுவதற்குச் சில வாரங்கள் முன்னரே குருதியில் இது புலப்படுமாதலால், சி.டி.4 எண்ணிக்கை 100-க்குக் கீழ் உள்ளவர்க்கெல்லாம் இச்சோதனை செய்து, கோடு தெரிந்தவர்க்கு ஃபுளூக்கோனசோல் மாத்திரை கொடுக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. செவி நரம்பைக் காப்பதற்கு இதனினும் மலிவான வழி வேறில்லை.

நோய் முற்றியவர்க்கு ஆம்ஃபோடெரிசின்-பி என்னும் மருந்தே முதன்மையானது. வெனிசுவேலா நாட்டின் ஒரினோக்கோ ஆற்றங்கரை மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1950-களில் இது பெறப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்டவர் பிழைப்பது அருமை. சிறுநீரகத்தைத் தாக்கும் கொடுமை அதற்குண்டு. 2022-ல் வெளியான ஓர் ஆப்பிரிக்க ஆய்வு, கொழுப்புத் துளிகளில் பொதிந்த ஆம்ஃபோடெரிசினை ஒரே ஒரு பெரிய அளவாகக் கொடுத்து, ஃபுளூசைட்டோசினும் ஃபுளூக்கோனசோலும் 14 நாள் சேர்த்தளிப்பது போதுமென்று காட்டிற்று. அவ்வாறு செய்தும் பத்து வாரங்களுக்குள் நால்வரில் ஒருவர் இறந்தனர். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இந்நோயாளிகளுக்கு உடனே தொடங்குவதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்தே தொடங்குவர். ஏன் இந்தத் தாமதம் என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. மீண்டெழும் எதிர்ப்பாற்றல் மூளையுறையில் திடீரென வீக்கத்தை உண்டாக்கி, தணிந்திருந்த தலைவலியையும் செவி மந்தத்தையும் மீட்டும் எழுப்பக்கூடும் என்பதே காரணம்.

செவி மந்தமானவரிடம் பேசுதல்

இந்நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் பணியாளர்க்கு வேறெந்த நோயிலும் இல்லாத இடர் ஒன்று உண்டு. தாராவியின் சந்துகளில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். கேளாதவரிடம் உரக்கப் பேசினால் மருந்தின் பெயரும் நோயின் பெயரும் சந்து முழுவதும் அறியும். எச்.ஐ.வி. உடையவரின் நிலையை அவர் இசைவின்றி வெளிப்படுத்துதல் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. உரத்த குரலும் வெளிப்படுத்துதலேயாகும். நரம்புச் செவிட்டில் கத்துவதால் பயனும் இல்லை, ஒலிதான் பெருகும், சொல் தெளியாது. எனவே ஒரு சிலேட்டும் எழுதுகோலும் கைப்பையில் இருக்கட்டும். எம்மொழியில் எழுதுவது என்பதையும் முன்னரே கேட்டறிய வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பலர் மராத்தி அல்லது ஆங்கிலப் பள்ளியில் படித்தவராதலால் தமிழெழுத்து அறியார். முதியோர் சிலர் எவ்வெழுத்தும் அறியார். அத்தகையோர்க்குச் சூரியன், நிலா, மாத்திரை எனப் படம் வரைந்து வேளையைக் காட்டலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்வது முற்றிலும் தவறு.

நோய் தணிந்த பின்னும் கேள்வி மீளாதவர்களைக் கைவிட்டுவிடலாகாது. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்திராவில், 1983-ல் நிறுவப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் உள்ளது. பேச்சு, செவிக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் அது. செவி அளவீடும், நரம்பின் மின்னலைகளைப் பதியும் பெரா சோதனையும் அங்கே செய்யப்படும். சாதாரணக் காதுக்கருவி ஒலியைப் பெருக்குமேயன்றிச் சொல்லைத் தெளிவாக்காதாதலால் இவர்களுள் பலருக்கு அது ஏமாற்றமளிக்கும். கருவி வாங்கப் பணம் செலவிடும் முன் சொல்விளக்கச் சோதனை செய்துகொள்ளுமாறு சொல்ல வேண்டும். நரம்பிழைகள் எஞ்சியிருப்பவர்க்கு நத்தையில் மின்முனை பதிக்கும் அறுவை சிகிச்சை பயன் தந்ததுண்டு. பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

தலைவலி நின்றதும் ஃபுளூக்கோனசோலை நிறுத்திவிடுவோர் பலர். சி.டி.4 எண்ணிக்கை உயர்ந்து, மருத்துவர் போதுமென்று சொல்லும்வரை, குறைந்தது ஓராண்டேனும், அது தொடர வேண்டும். மாத்திரை எண்ணிப் பார்க்கச் செல்லும் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் நின்று இரண்டு எண்களைத் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்ப்பதையும், எந்தக் காதில் எத்தனை சரியாகத் திரும்ப வந்தன என்று அட்டையில் தேதியோடு குறிப்பதையும் வழக்கமாகக் கொள்க. சென்ற மாதம் திரும்பி வந்த எண் இம்மாதம் வராவிட்டால், தலைவலி இல்லையென்று நோயாளி சொன்னாலும், அன்றைக்கே சயானுக்கு அனுப்புக.